தீர்ப்பைக் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை வாஷிங்டன் நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடும். சிங்கப்பூரில் நமக்கு அப்போது இரவு 10 மணி. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை இரவு 11. சமையலறையைத் துடைத்து, மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிவைத்துவிட்டு உட்காரும் நேரம். 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, அப்படி உட்கார்ந்த வேளையில்தான் உட்லண்ட்சிலிருந்து என் தங்கை அழைத்தாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவள் மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் வேலை பார்க்கிறான். சிங்கப்பூரர்களுக்கென்று ஆண்டுக்கு 5,400 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும் எச்-1பி1 விசாவில் போனவன். மருமகளுக்கு அப்போது எட்டாம் மாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது ஒரே வரி: பிறப்புக் குடியுரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அமெரிக்க மண்ணில் பிறந்தாலே கிடைக்கும் குடியுரிமை அது. மறுநாள் காலையிலேயே ஓர் ஏஜெண்டு ஆலோசனை சொல்ல வந்துவிட்டார். டெக்சாசில் பிரசவம் வேண்டாம், உடனே நியூ ஜெர்சிக்குப் போய்விடுங்கள், வீடு, மருத்துவமனை எல்லாவற்றையும் நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். தங்கை நிரந்தர வைப்பை உடைத்துப் பணம் அனுப்பத் தயாராகிவிட்டாள். எட்டு மாதக் கர்ப்பிணியை விமானத்தில் ஏற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பு பிறப்புக் குடியுரிமையை ரத்து செய்யவில்லை. அந்தக் குடியுரிமையைக் குறைக்க அதிபர் போட்ட ஆணை அரசியல் சட்டப்படி சரியா தவறா என்ற கேள்வியைத் தொடவே இல்லை என்று தீர்ப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. பாசிர் பாஞ்சாங்கில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ‘பில் ஆஃப் லேடிங்’ என்ற சரக்குச் சீட்டில் பெறுநர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். நாளுக்கு நாள் வாடகை ஏறும். ஆகவே ஒரு தாள் வந்தால் யார் கொடுத்தது, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எதுவரை என்று பார்க்காமல் அதை நகர்த்த மாட்டோம். அமெரிக்கத் தீர்ப்பையும் அப்படியே பார்க்க வேண்டும். யார் ஜெயித்தது என்ற கேள்வி கடைசியில் வரட்டும்.

எந்த நீதிமன்றம்?

செய்தியில் ‘அமெரிக்க நீதிமன்றம் அதிரடி’ என்று மட்டும் இருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்ற வரிசை உண்டு. அதற்குப் பக்கத்தில் மத்திய அரசின் வரிசை ஒன்று தனியே ஓடுகிறது. குடிநுழைவு, சுங்கவரி, அதிபரின் ஆணை போன்றவை பெரும்பாலும் இந்த மத்திய வரிசையில்தான் வரும். அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள். வழக்கு பிறக்கும் இடம் அதுதான், வழக்கமாக ஒரே நீதிபதி. நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். பெரும்பாலும் மூவர் அமர்வு. உச்சியில் ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம். சுங்கவரி வழக்குகளுக்கென்று நியூயார்க்கில் சர்வதேச வணிக நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பெயரை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

பெயரைக் கண்டு ஏமாறவும் வாய்ப்பு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம். அந்த மாநிலத்தின் உச்சியில் இருப்பதன் பெயர் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. ‘நியூயார்க் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு’ என்று தமிழில் படித்தால் நாம் என்ன நினைப்போம்? இங்கேயும் ‘சுப்ரீம் கோர்ட்’ என்ற பெயருக்குள் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டும் அடக்கம் என்பதால் சிங்கப்பூரர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நீதிமன்றத்தின் பெயருக்கு அடுத்தபடியாக வழக்கு எண்ணைத் தேடுங்கள். எங்களுக்குக் கண்டெய்னர் எண் எப்படியோ, வழக்குக்கு அது அப்படி. ஜூன் 27 தீர்ப்பின் எண் 24ஏ884. நடுவில் நிற்கும் அந்த ‘ஏ’ எழுத்து மிகவும் முக்கியம். வழக்கு முழுவதும் விசாரித்து முடிந்து வந்த மேல்முறையீடு இல்லை, அவசரமாக ஒரு நிவாரணம் கேட்டுப் போட்ட மனு என்று அது காட்டுகிறது. எண்ணைப் பார்த்ததுமே, ‘இது இறுதித் தீர்ப்பாக இருக்க வாய்ப்பு குறைவு’ என்று எனக்குத் தோன்றியது. மாவட்ட நீதிமன்ற எண்ணில் ‘சிவி’ என்று இருந்தால் உரிமையியல், ‘சிஆர்’ என்று இருந்தால் குற்றவியல்.

தடை, ரத்து, தள்ளுபடி

தமிழ்ச் செய்திகளில் நம்மைக் குழப்புபவை இந்த மூன்று சொற்கள்தான். இவை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கின்றன. மொழியின் மேல் குற்றமில்லை; தலைப்பில் இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் ஒரு குடும்பத்தின் நிம்மதியே சிக்கிக்கொள்கிறது.

‘தடை’யை எடுத்துக்கொள்வோம். அரசு ஒரு செயலைச் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் போடும் உத்தரவு ‘இன்ஜங்ஷன்’. தமிழில் தடை. கீழ் நீதிமன்றம் போட்ட அந்த உத்தரவை மேல் நீதிமன்றம் தற்காலிகமாகச் செயல்படாமல் நிறுத்திவைத்தால் அது ‘ஸ்டே’. தமிழில் அதுவும் தடை. ஒன்று அரசின் கையைக் கட்டுவது, மற்றொன்று அந்தக் கட்டை அவிழ்ப்பது. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

இதை நான் வேலையில் நேராகவே பார்த்தேன். 2025 ஏப்ரல் 5 முதல் சிங்கப்பூர்ப் பொருள்களுக்கும் அமெரிக்கா 10 விழுக்காடு வரி போடத் தொடங்கியது. நமக்கும் அவர்களுக்கும் 2004இலிருந்து தடையற்ற வணிக உடன்பாடு இருந்தும் போட்டார்கள். 1977ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் போட்ட வரி அது. நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் வி.ஓ.எஸ். செலக்‌ஷன்ஸ் என்ற சிறு நிறுவனமும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். மே 28 மாலை, நமக்கு மே 29 காலை, சர்வதேச வணிக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வரி செல்லாது என்றார்கள். நான் அலுவலகத்தில் பையைக்கூட வைக்கவில்லை, துவாசிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்துவிட்டார். இயந்திர உதிரிபாகங்கள் அனுப்புபவர். “அக்கா, வரி போய்விட்டது. இன்வாய்ஸை மாற்றுங்கள், பத்து விழுக்காட்டை எடுத்துவிடுங்கள்” என்றார்.

பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தீர்ப்பின் முடிவைப் பார்த்தேன். உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவர அரசுக்கு 10 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதாவது அன்று காலை அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டிக்கு வரி வரிதான். “இன்றைக்கு எதையும் மாற்ற வேண்டாம், தம்பி” என்றேன். மறுநாள் விடிவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டது. முதல் நாள் ‘வரிக்குத் தடை’, அடுத்த நாள் ‘தடைக்குத் தடை’. இன்வாய்ஸை மாற்றியிருந்தால் அமெரிக்காவில் அவருடைய ஆள் சுங்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

ஆகஸ்ட் 29 அன்று அதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து, 7-4 என்று பிரிந்து, வரி செல்லாது என்ற முடிவை ஏற்றது. அதே தீர்ப்பில், எல்லா இறக்குமதியாளருக்கும் பொருந்தும்படி கீழ் நீதிமன்றம் போட்ட தடையாணையை நீக்கி, அதை மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. தன் தீர்ப்பே அக்டோபர் 14 வரை அமலுக்கு வராது என்றும் சொன்னது. ‘வரி சட்டவிரோதம்’ என்ற தலைப்பும் உண்மை, வரி தொடர்ந்து வசூலானதும் உண்மை.

இங்கேதான் ‘ரத்து’ வருகிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முடிவில் நான்கு வினைச்சொற்களில் ஏதோ ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் இருக்கும். ‘அஃபர்ம்டு’ என்றால் கீழே சொன்னது சரி. ‘ரிவர்ஸ்டு’ என்றால் கீழே சொன்னது தவறு, முடிவு புரட்டப்படுகிறது. ‘வேக்கேட்டட்’ என்றால் கீழ் நீதிமன்றத்தின் உத்தரவு அழிக்கப்படுகிறது. ஆனால் எதிர்த்தரப்பு ஜெயித்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பது போல. ‘ரிமாண்டட்’ என்றால் மறுபடி கீழே போகிறது, வழக்கு முடியவில்லை. நடுவில் உள்ள இரண்டையும் நம் செய்திகள் ரத்து என்றே எழுதும். ஆங்கிலத் தாளில் அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

‘தள்ளுபடி’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் போகின்றன. முழு விசாரணைக்கு எடுப்பது அறுபது, எழுபதுதான். ஒன்பது பேரில் நான்கு பேராவது வேண்டும் என்றால்தான் எடுப்பார்கள். எடுக்க மறுத்தால் ‘தள்ளுபடி’ என்று செய்தி வரும். கீழ்த் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தம் கிடையாது. கேட்கவில்லை, அவ்வளவே.

தாளை எங்கே எடுப்பது?

உச்ச நீதிமன்றம் தன் இணையத்தளத்திலேயே அன்றைய தீர்ப்பைக் காசில்லாமல் போடுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற ஆவணங்களுக்கு ‘பேசர்’ என்று அரசாங்கத் தளம் ஒன்று உண்டு. பக்கத்துக்கு 10 அமெரிக்கக் காசு, ஓர் ஆவணத்துக்குப் பெரும்பாலும் 3 டாலருக்கு மேல் போகாது, மூன்று மாதத்தில் 30 டாலர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கட்டணமே இல்லை. நீதிபதியின் தீர்ப்புரைகளுக்கு அங்கேயும் காசு கிடையாது. அதைவிட வசதியானது ‘கோர்ட்லிசனர்’. இலாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்தும் தளம். மற்றவர்கள் பேசரில் காசு கொடுத்து எடுத்த ஆவணங்கள் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வழக்கின் பெயரையோ எண்ணையோ தட்டினால் முதல் நாளிலிருந்து நடந்தவை பெரும்பாலும் வரிசை எண்ணோடு வரும். அந்த வரிசைக்கு ‘டாக்கெட்’ என்று பெயர். நாங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது போல, வழக்கு எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்கலாம்.

கைபேசியில் படிக்காதீர்கள். அங் மோ கியோ நூலகத்தில் நான் தாளில் அச்செடுத்துப் பென்சிலோடு படிப்பேன். நூறு பக்கத்தைத் தாண்டும் ஆவணமானால் எல்லாவற்றையும் அச்செடுக்கத் தேவையில்லை. எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று அடுத்துச் சொல்கிறேன்.

‘இட் இஸ் சோ ஆர்டர்ட்’

நம் சிங்கப்பூர்த் தீர்ப்புகளில் பத்திக்குப் பத்தி எண் இருக்கும். ‘பத்தி 42’ என்றால் யாரும் எடுத்துவிடலாம். அமெரிக்கத் தீர்ப்பில் அது இல்லை. அதைவிடக் குழப்பம், ஒரே கோப்புக்குள் பலர் எழுதியது இருக்கும்; ஒவ்வொருவர் எழுதியதும் மறுபடி பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும். ஜூன் 27 கோப்பில் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். நீதிபதி ஏமி கோனி பேரட் எழுதியது பெரும்பான்மைத் தீர்ப்பு, 6-3. அதற்குப் பின் தாமஸ், அலிட்டோ, கேவனா ஆகிய மூவரின் உடன்பட்ட தனிக்கருத்துகள். பிறகு சோட்டோமயோர், ஜாக்சன் இருவரின் மாறுபட்ட கருத்துகள். கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் மாறுபட்ட நீதிபதியின் கருத்தைத்தான் படிப்பீர்கள்.

ஆகவே ‘இட் இஸ் சோ ஆர்டர்ட்’ என்ற நான்கு சொற்களைக் கோப்புக்குள் தேடுங்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு அங்கேதான் முடிகிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் பத்திதான் உத்தரவு. மற்ற பக்கங்கள் எல்லாம் அந்தப் பத்திக்குக் காரணம் சொல்பவை.

ஏஜெண்டு வந்துபோன அன்று இரவு அந்தப் பத்தியை நான் தங்கைக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கீழ் நீதிமன்றங்கள் அதிபரின் ஆணைக்குப் போட்ட தடைகள், வழக்குத் தொடுத்தவர்களுக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவுக்கு மேல் எங்கே விரிகின்றனவோ அந்த அளவுக்கு மட்டும் நிறுத்திவைக்கப்படுகின்றன. அரசுத் துறைகள் ஆணையை எப்படி நடைமுறைப்படுத்தப்போகின்றன என்ற விளக்கங்களைத் தயாரித்து வெளியிடலாம். ஆணையின் இரண்டாம் பிரிவு, அதாவது குழந்தைகளைத் தொடும் பிரிவு, இந்தத் தீர்ப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்கு அமலுக்கு வராது.

“முப்பது நாள்” என்றேன். “முப்பது நாளுக்கு ஒன்றும் ஆகாது. ஜூலை 27 வரை நமக்கு நேரம் இருக்கிறது. யாரும் விமானம் ஏற வேண்டாம்.” அந்தப் பக்கத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. “அப்புறம்?” என்றாள்.

சரியான கேள்வி. பயம் முழுவதும் பொய் இல்லை. அதிபர் 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்திட்ட ஆணை, சட்டப்படிதான் என்றாலும் தற்காலிகமாக அங்கே இருக்கும் தாய்க்கும், குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாத தந்தைக்கும் பிறக்கும் குழந்தையையும் குறிவைத்தது. என் தங்கை மகன் குடும்பம் அந்த வரையறைக்குள் அப்படியே விழுகிறது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்க்குக் குடியுரிமை தருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1898லேயே அதை உறுதிசெய்தது. அந்த அடித்தளத்தை ஜூன் 27 தீர்ப்பு அசைக்கவில்லை. அது முடிவு செய்தது வேறு: ஒரு மாவட்ட நீதிபதிக்கு, வழக்கில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் தடை போட அதிகாரம் உண்டா? பெரும்பாலும் இல்லை என்றது.

உத்தரவு யாரைக் கட்டும்?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். வாதி யார், பிரதிவாதி யார் என்று முதல் பக்கத்தில் இருக்கும். அதிபரின் ஆணையை எதிர்த்து 22 மாநிலங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. நியூ ஜெர்சி அதில் ஒன்று, டெக்சாஸ் இல்லை. ஏஜெண்டு சொன்னதில் இவ்வளவு மட்டும் உண்மை. அரை உண்மை என்பதால்தான் அது அவ்வளவு பலமாகத் தங்கையைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஜூன் 27 தீர்ப்பு ஒரு கதவை மூடும்போது மற்றொன்றைத் திறந்தே வைத்திருந்தது. ஒரே நிலையில் இருக்கும் பலரை ஒரு தரப்பாகச் சேர்த்து நடத்தும் கூட்டு வழக்கு அது. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாவட்ட நீதிபதி ஜோசப் லப்லாண்ட், 2025 பிப்ரவரி 20 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த, பிறக்கப்போகும் குழந்தைகளில் அந்த ஆணை குறிவைத்த அனைவரையும் தற்காலிகமாக ஒரு தரப்பாக ஏற்று, அவர்களுக்காகத் தடையாணை போட்டார். அரசு மேல்முறையீடு செய்ய ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். அந்த உத்தரவில் நான் பென்சிலால் கோடிட்ட இடம், தரப்பின் வரையறை. பெற்றோரை அவர் சேர்க்கவில்லை, குழந்தைகளை மட்டும் சேர்த்தார். எந்த மாநிலம் என்ற நிபந்தனை அதில் இல்லை. வயிற்றில் இருக்கும் டாலஸ் பிள்ளையும் அதற்குள் வந்துவிட்டது.

ஏழு நாளும் நானும் தங்கை மகனும் இங்கே காலை, அங்கே மாலை என்று டாக்கெட்டைத் திறந்து பார்த்தோம். அவகாசம் கடந்து உத்தரவு அமலுக்கு வந்தது. நிரந்தர வைப்பு உடைபடவில்லை. பிள்ளை ஆகஸ்டில் டாலஸிலேயே, அவர்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்த மருத்துவமனையில் பிறந்தாள். அவள் தரப்பின் பெயரோடு அந்த வழக்கு மேலே போயிருக்கிறது: டிரம்ப் எதிர் பார்பரா, எண் 25-365. 2025 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது. இந்த எண்ணில் ‘ஏ’ இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே குடியுரிமைக் கேள்வியே நேராக முன்னால் நிற்கிறது. இன்று அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றத் தளத்தில் இந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். இதைப் படிக்கும்போதே செய்தால் நல்ல பயிற்சியாக இருக்கும்.

நம்பக் கூடாத பகுதிகள்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் முன்னால் ‘சிலபஸ்’ என்று சில பக்கச் சுருக்கம் இருக்கும். ‘ஹெல்ட்’ என்ற சொல்லுக்குப் பின் முடிவு சுருக்கமாக வரும். வழி காட்டுவதற்கு அது அருமையானது. ஆனால் அதைத் தயாரிப்பது நீதிமன்ற அலுவலகம், நீதிபதிகள் இல்லை. அது தீர்ப்பின் பகுதி அல்ல என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மேற்கோள் காட்டாதீர்கள்.

மாறுபட்ட கருத்துகளை நான் விரும்பிப் படிப்பேன். கோபமும் அக்கறையும் அங்கேதான் வெளிப்படையாக இருக்கும். பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவு என்ன என்று எளிமையாகச் சொல்பவரும் பல நேரங்களில் மாறுபட்டவர்தான். ஆனால் அந்த உணர்ச்சியான வரிகள்தான் படமாக வெட்டப்பட்டு, ‘உச்ச நீதிமன்றம் சொன்னது’ என்ற பெயரில் சுற்றும். பக்கத்தின் மேல் ஓரத்தைப் பாருங்கள். ‘ஒப்பினியன் ஆஃப் தி கோர்ட்’ என்றிருந்தால் அது சட்டம். நீதிபதியின் பெயரும் ‘டிசென்டிங்’ என்ற சொல்லும் இருந்தால் அது அவருடைய கருத்து.

‘இன்னார் நியமித்த நீதிபதி’ என்று பார்த்துத் தீர்ப்பை ஊகிப்பதையும் விட்டுவிடுங்கள். மே 28 வரித் தீர்ப்பைத் தந்த மூவரில் ஒருவரை நியமித்தவர் ரேகன், மற்றொருவரை ஒபாமா, மூன்றாமவரை டிரம்ப். பிறப்புக் குடியுரிமை ஆணையை 2025 ஜனவரி 23 அன்று சியாட்டிலில் முதலில் நிறுத்திய ஜான் கஃபனோர், ரேகன் நியமித்தவர். லப்லாண்ட், புஷ் நியமித்தவர்.

சொல்லாமல் விட்டது

தீர்ப்பு எதை முடிவு செய்தது என்று குறித்ததும், அதற்குப் பக்கத்திலேயே எதை முடிவு செய்யவில்லை என்று எழுதுங்கள். 2026 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு நான் விழித்திருந்தேன். லேர்னிங் ரிசோர்சஸ் என்ற கல்விப் பொம்மை நிறுவனத்தின் வழக்கும் வி.ஓ.எஸ். வழக்கும் சேர்ந்து வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. அந்த 1977 சட்டம் வரி போட அதிபருக்கு அதிகாரம் தரவில்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார், 6-3. திங்கட்கிழமை துவாஸ் தம்பி கேட்ட முதல் கேள்வி: கட்டிய வரி திரும்ப வருமா?

பெரும்பான்மைத் தீர்ப்பில் அதற்குப் பதில் இல்லை. தேடிப் பாருங்கள், ஒரு வரிகூட இல்லை. யாருக்கு, எப்படி, எப்போது என்பது கீழே, வணிக நீதிமன்றத்திலும் சுங்கத்துறையிலும் தீர வேண்டியது. இரும்பு, அலுமினியம் போன்றவற்றுக்கு 1962ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவில் போட்ட வரிகளையும் அந்தத் தீர்ப்பு தொடவில்லை. தீர்ப்பு வந்த அன்றே அதிபர், 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 122ஆம் பிரிவைக் காட்டிப் புதிய வரி அறிவித்தார். அந்தப் பிரிவுக்கு 15 விழுக்காடு, 150 நாள் என்று உச்சவரம்பு உண்டு.

நம் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும் பணம் எதுவானாலும் அமெரிக்கச் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிவானவர் பெயருக்குத்தான் போகும். நீங்கள் விலையைக் குறைத்து வரியின் சுமையைத் தோளில் தாங்கியிருக்கலாம். தாளில் பெயர் வாங்கியவருடையது என்றால் பணம் அவருடையது. டிடிபி முறையில், வரியும் நாமே கட்டி அனுப்பியவர்களில் சிலர் தாங்களே இறக்குமதியாளராகப் பதிவாகியிருப்பார்கள். பழைய கோப்புகளை எடுத்து அந்த ஒரு கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். துவாஸ் தம்பியின் கோப்பில் ஏழு சரக்குகளில் அவர் பெயர் இருந்தது, மற்றவற்றில் இல்லை.

வழக்கறிஞரிடம் போகும்போது

இவ்வளவு படித்தாலும் விசா, குடியுரிமை, வரி என்று உங்கள் சொந்த முடிவு எடுக்க அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். “என் குழந்தைக்கு ஆபத்தா?” என்று கேட்டால் அவர் பொதுவாகத்தான் பதில் சொல்வார். “இந்த எண் வழக்கில், இந்தத் தேதி உத்தரவின் தரப்பு வரையறைக்குள் என் குழந்தை வருகிறதா? அந்த உத்தரவு இப்போது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா? அடுத்த தேதி என்ன?” என்று கேளுங்கள். தங்கை மகன் இந்த மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனான். வழக்கறிஞர் அரை மணி நேரத்தில் முடித்து, அரை மணிக்கான கட்டணமே வாங்கினார்.

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். எண், நீதிமன்றம், உத்தரவின் தேதி, கடைசிப் பத்தி தமிழில், யாரைக் கட்டும், எதுவரை, அடுத்த தேதி. அடுத்த தேதியை மட்டும் பென்சிலில் எழுதுவேன், அது மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் தங்கை அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 25-365 என்று எழுதி வைத்திருக்கிறாள்.